மரத்த கைக்குப் பிரேக் தெரியாது

பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து சேலத்துக்கு மோட்டார் சைக்கிளிலேயே புறப்படும் தமிழர்கள் பலர். சுமார் 200 கிலோமீட்டர். தருமபுரியைத் தாண்டுவதற்குள் வலது மணிக்கட்டு கடுக்கும், விரல்கள் மரத்துப்போகும். அடுத்து வருவதோ தொப்பூர் கணவாய் இறக்கம். பிரேக்கை நம்பவேண்டிய இடத்தில் கை மரத்திருந்தால் ஆபத்து.

ஆக்ஸிலேட்டரை இறுகப் பிடிப்பது, உடல் பாரத்தைக் கைகளில் சாய்ப்பது, மணிக்கட்டை மடக்கியே வைப்பது ஆகியவற்றால் அதன் வழியே செல்லும் நரம்பு அழுந்துகிறது. வண்டியின் அதிர்வும் சேர்ந்துகொள்கிறது.

முழங்கால்களால் பெட்ரோல் டாங்கை அணைத்து, முதுகு உடலைத் தாங்கும்படி உட்காரவேண்டும். பிடி தளர்வாகவும், முழங்கை சற்று வளைந்தும் இருக்கட்டும். பிரேக் லீவர் முன்கைக்கு நேராக அமையும்படி மெக்கானிக்கிடம் சொல்லித் திருப்பிக்கொள்ளலாம். மணிக்கொரு தரம் இறங்கிக் கையை உதறுவது அவசியம். வழியில் பத்து நிமிடம் தாமதித்தால் ஊர் ஓடிவிடாது.