பெயரைக் கேட்பவர் எதைக் கேட்கிறார்?

சதுரங்கம் ஆடுகிறவர்கள், பறவை பார்க்கிறவர்கள், செல்போனில் படம் எடுத்துப் பழகுகிறவர்கள், புறாவும் வண்ண மீனும் வளர்க்கிறவர்கள், பழைய நாணயம் சேர்க்கிறவர்கள் என்று ஒவ்வொரு பொழுதுபோக்குக்கும் இன்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் குழுக்கள் இருக்கின்றன. நகரத்துப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் குழுக்கள்தான் வாத்தியார். இவற்றில் சிலவற்றில் ஒரு நிபந்தனை வைக்கிறார்கள். சொந்தப் பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர் மூன்றும் போட்டால்தான் சேர்க்கை, புனைபெயருக்கு இடமில்லை. போலிக் கணக்கில் வந்து திட்டுகிறவர்களையும் ஏமாற்றுகிறவர்களையும் தடுக்கத்தான் இது என்கிறார்கள். காரணத்தில் நியாயம் இருக்கிறது. நிபந்தனையில்தான் நமக்குச் சிக்கல்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லையே, பிறகென்ன என்று கேட்கலாம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானம் போட்டார்கள். அது பெரிய காரியம்தான். ஆனால் அடுத்தவர் சாதியைத் தெரிந்துகொள்ளும் ஆசை அதோடு போய்விடவில்லை. அது வேறு கேள்விகளாக வருகிறது. எந்த ஊர்? ஊருக்குள்ளேயா, காலனியா? யார் மகன்? குலசாமி எது? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூன்றாவது கேள்விக்குள் கண்டுபிடித்துவிடுவார். குழுவில் பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் எழுதிவைத்தால், அந்தக் கேள்விகளில் பாதிக்கு நாமே பதில் எழுதிக் கொடுத்ததாக ஆகிறது. மிச்சத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு ஒரு போன் போட்டால் போதும்.

தெரிந்தபின் எல்லோரும் திட்டுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலும் திட்ட மாட்டார்கள். கேட்ட சந்தேகத்துக்குப் பதில் வராமல் போகும். மற்றவர் படத்துக்கு வரும் பாராட்டு இவன் படத்துக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஏரிக்குப் போன விஷயம் திங்கட்கிழமைதான் தெரியவரும். இதை எந்தப் புகார் மனுவில் எழுதுவது?

பரோடாவில் பதினோரு நாள்

பெயரை மறைப்பது ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்கள் அம்பேத்கரின் வாழ்க்கையில் நடந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் அமெரிக்காவிலும் பிறகு லண்டனிலும் படித்துவிட்டு, ஒப்பந்தப்படி அந்தச் சமஸ்தானத்தில் வேலை பார்க்க 1917-இல் அவர் பரோடா போய் இறங்கினார். இந்து விடுதி எதிலும் இடம் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். பார்சிகள் நடத்திய விடுதி ஒன்றுக்குப் போனார். பார்சி அல்லாதவரைச் சேர்க்க முடியாது என்றார் காவலர். ஆனால் அவருக்கு வாடகை தேவைப்பட்டது. இவருக்கு இடம் தேவைப்பட்டது. பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொள்வது என்று முடிவாயிற்று. தங்கவும் சாப்பிடவும் நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய்.

மாடியில் தனியாக, சரியான வெளிச்சம்கூட இல்லாமல் இருந்தார். பதினோராவது நாள் காலையில் தடி எடுத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பார்சிகள் வந்துவிட்டார்கள். விடுதியைத் தீட்டாக்கிவிட்டாய், சாயங்காலத்துக்குள் காலி செய் என்றார்கள். இந்து நண்பர் ஒருவர், கிறிஸ்தவ நண்பர் ஒருவர் என இரண்டு பேரிடம் கேட்டும் இடம் கிடைக்கவில்லை. பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ என்ற குறிப்பில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

அந்தப் பதிவேட்டில் இருந்தது பொய்ப் பெயர்தான். அதை எழுத வைத்தவர் யார் என்பதே கேள்வி. உண்மைப் பெயரை எழுதியிருந்தால் பதினோரு நாள் என்ன, ஒரு ராத்திரிகூடத் தங்கியிருக்க முடியாது. இன்று ஒரு கல்லூரி மாணவர் சதுரங்கக் குழுவில் ‘கருப்புக் குதிரை’ என்று பெயர் வைத்துக்கொண்டால் அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஆட்டத்தை மட்டும் பாருங்கள் என்கிறார், அவ்வளவுதான்.

பெயர் யாருடைய உரிமை?

பெயர் வைப்பதிலேயே சாதி கை வைத்த நாடு இது. சூத்திரனின் பெயர் இழிவைக் குறிப்பதாக இருக்க வேண்டும் என்று மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் விதி போடுகிறது. அதனால்தான் எந்தப் பெயரில் அறியப்படுவது என்பது நம் முன்னோர்களுக்குச் சின்ன விஷயமாக இருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் பத்திரிகை தொடங்கியபோது, இழிவாகச் சொல்லப்பட்ட சொல்லையே எடுத்து ‘பறையன்’ என்று பெயர் வைத்தார். மறைக்காமல் முன்னால் வந்து நின்றால்தான் உரிமை கேட்க முடியும் என்பது அவர் வழி. 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கிய அயோத்திதாசர் அந்தப் பெயரை ஏற்கவில்லை; நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். அயோத்திதாசர் என்பது தம் ஆசிரியரின் நினைவாக அவரே எடுத்துக்கொண்டது. இன்று யாராவது அவரை, உங்கள் உண்மைப் பெயர் அதுவல்ல, குழுவில் சேர்க்க மாட்டோம் என்பார்களா? பாமா, இமையம் ஆகிய பெயர்களும் புனைபெயர்கள்தாம்.

நம் காலத்தில் பத்திரிகையாளர் யாஷிகா தத் பல ஆண்டுகள் தம் சாதியை மறைத்து வாழ்ந்தவர். 2016 ஜனவரியில் ரோகித் வெமுலா இறந்த பிறகு, தாம் தலித் என்று வெளிப்படையாக எழுதினார். 2019-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். எப்போது வெளியே சொல்வது என்பதை அவர் முடிவு செய்தார். ஒரு குழு நிர்வாகியின் படிவம் முடிவு செய்யவில்லை. நெஞ்சு நிமிர்த்திச் சொல்வதும் நம் மரபு, சொல்லாமல் இருப்பதும் நம் உரிமை. இரண்டுக்கும் நடுவே முரண்பாடு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

கட்டாயம் எங்கே போய் முடிந்தது?

பெயரைக் கட்டாயமாக்கிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2010 ஜூலையில் பிளிசார்டு என்ற அமெரிக்க வீடியோ கேம் நிறுவனம், தன் விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகிற ஆட்டக்காரர்கள் இனி சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று அறிவித்தது. இதில் ஆபத்து ஒன்றுமில்லை என்று காட்ட ஊழியர் ஒருவர் தம் முழுப் பெயரை வெளியிட்டார். கொஞ்ச நேரத்துக்குள் அவருடைய வீட்டு முகவரி, தொலைபேசி எண், குடும்ப விவரம் எல்லாம் இணையத்தில் ஏறிவிட்டன. மூன்றே நாளில் நிறுவனம் பின்வாங்கியது.

தென்கொரியா சட்டமே போட்டது. 2007 முதல் பெரிய இணையதளங்களில் எழுத அடையாள எண் கொடுத்துப் பெயரை உறுதிசெய்ய வேண்டும். 2011-இல் ஒரு நிறுவனத்திலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. வசையும் குறிப்பிடும்படி குறையவில்லை என்று சொல்லி, 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது.

நம் ஊரிலும் கொஞ்சம் கவனித்தால் தெரியும். சாதிப் பெருமை பேசி ரீல்ஸ் போடுகிறவர்கள் முகத்தையா மறைக்கிறார்கள்? பெயரோடு சாதிப் பட்டத்தையும் சேர்த்துப் போட்டு, பைக்கில் உட்கார்ந்து, பின்னணியில் பாட்டும் வைத்துத்தான் போடுகிறார்கள். உண்மைப் பெயர் கேட்டால் அவர்கள் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். யோசிக்கப் போவது நம் பிள்ளைதான். எல்லோருக்கும் ஒரே விதி என்று தோன்றும். சுமை மட்டும் ஒரு பக்கம் இறங்கும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் அது கொடுத்த அறிக்கையில், மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதி குறித்த விவரம் எதுவும் இருக்கக் கூடாது என்று பரிந்துரை இருக்கிறது. பள்ளிக்கூடத்திலேயே தேவையில்லை என்கிற வழி, மீன் வளர்க்கிற குழுவுக்கு எதற்கு?

மறைந்திருந்து திட்டுகிறவனை என்ன செய்வது? நம்மைத் திட்டுகிறவர்களிலும் போலிப் பெயர்க்காரர்கள் உண்டு. ஆனால் புனைபெயர் அக்கம்பக்கத்தாரிடமிருந்துதான் மறைக்கும், சட்டத்திடமிருந்து மறைக்காது. சிம் கார்டு அடையாள அட்டை கொடுத்துத்தான் வாங்கப்படுகிறது. காவல்துறை தேட நினைத்தால் வழி இருக்கிறது. தேட நினைக்கிறதா என்பது தனியாக எழுத வேண்டிய கட்டுரை. பழங்குடிப் பெண் ஒருவரை இணையக் காணொளியில் இழிவுபடுத்திய வழக்கில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்த அவர் நேரில் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வேறு வழிகள் இருக்கின்றன

லிசெஸ் என்ற இலவசச் சதுரங்கத் தளத்தில் எந்தப் பெயரிலும் ஆடலாம். கம்ப்யூட்டர் உதவியோடு திருட்டு ஆட்டம் ஆடுகிறவரை அங்கே ஆடிய நகர்த்தல்களை வைத்துப் பிடிக்கிறார்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் புனைபெயரில் எழுதலாம். எழுதியதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்புக்குப் பயன்படும் ஈபேர்ட் இன்னொரு வழி வைத்திருக்கிறது. அதில் சேரப் பெயர் கொடுக்க வேண்டும், ஆனால் மற்றவர் கண்ணில் படாமல் அதை மறைத்துக்கொள்ளலாம். அபூர்வமான பறவையைப் பார்த்ததாகப் பதிந்தால், சரிபார்க்கிறவர் கணக்குக்கு எழுதிக் கேட்பார். நமக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

பரிசுப் பணம் உள்ள போட்டி, ஃபிடே தரவரிசைப் போட்டி, புறாவோ பழைய கேமராவோ விற்று வாங்குவது, சிறுவர்கள் இருக்கிற குழு ஆகிய இடங்களில் உண்மைப் பெயர் நிர்வாகிக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அதை இருநூறு பேர் முன்னால் எழுதி ஒட்ட வேண்டியதில்லை. அப்பா பெயருக்கும் தெருப் பெயருக்கும் எங்கேயும் வேலை இல்லை. ஒரு பெயரை எடுத்தால் அதை மாற்றாமல் வைத்திரு, தப்பு செய்தால் அந்தப் பெயரோடு வெளியே போ என்று விதி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மாணவர்களுக்கு ஒன்று. வாட்ஸ்அப் குழுவில் புனைபெயர் வைத்தாலும் உங்கள் செல்போன் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியும்; எண் தெரிந்தால் ட்ரூகாலர் பெயரைச் சொல்லிவிடலாம். டெலிகிராமில் எண்ணை மறைக்க அமைப்பு இருக்கிறது, முதலில் அதைப் போடுங்கள். சாதி சொல்லி யாராவது இழிவுபடுத்தினால் கோபத்தில் குழுவை விட்டு வெளியேறிவிடாதீர்கள். எழுதியவர் அழித்துவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. தேதியும் நேரமும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். வன்கொடுமைப் புகார்களுக்கான தேசிய உதவி எண் 14566, கட்டணம் இல்லை.