முதல் ஓட்டம்

ஓட வேண்டுமென்ற ஆசை எழுந்த அன்றே நாம் செய்யும் தவறு, பாய்ந்து ஓடுவதுதான். மூன்றாம் நாள் முழங்கால் நோகும், ஆசையும் அடங்கிவிடும்.

ஜோஷ் கிளார்க் என்னும் அமெரிக்கர் 1996 ஆம் ஆண்டில் வகுத்த திட்டம், புதியவர்களை ஒன்பது வாரங்களில் 5 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு ஆயத்தப்படுத்துவது. வாரத்தில் மூன்று நாள் மாத்திரமே பயிற்சி. முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் விரைந்து நடந்தபின், 60 விநாடி மெதுவோட்டம், 90 விநாடி நடை என மாறி மாறி 20 நிமிடம். இவ்வளவுதானா என்று இளைஞர் நகைக்கக்கூடும், நகைக்கட்டும். மூச்சு விரைவிற் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் உறுதிபெறக் காலம் வேண்டும். ஓய்வு நாட்கள் அவற்றுக்காகவே. இருதய நோயுடையோர் வைத்தியரைக் கேட்டபின்னரே தொடங்குதல் வேண்டும்.

ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாள்தான் பெருஞ் சோதனை: இடையில் நடையின்றி 20 நிமிட ஓட்டம்! முந்திய பயிற்சியிலோ ஒரே தடவையில் எட்டு நிமிடமே ஓடியிருப்போம். அன்று, பக்கத்தில் வருபவரோடு பேசக்கூடிய வேகமே போதும். இயலாவிட்டால் அந்த வாரத்தையே மீண்டும் ஓடலாம். ஒன்பது வாரம் பன்னிரண்டானாற் குடி முழுகிவிடாது.

போட்டி நாளில் பின்வரிசையில் நின்று புறப்படுவோம். முதற் கிலோமீற்றரில் நம்மைக் கடந்து செல்வோர் செல்லட்டும்.