அண்மைக்கதிர்ச் சிகிச்சையும் நகரும் படக்கருவியும்

தமிழில் 'கதிர்' என்னும் சொல் நெற்கதிரையும் குறிக்கும். ஞாயிற்றின் ஒளிக்கதிரையும் குறிக்கும். மலேசியாவின் நெற்களஞ்சியமாகிய கெடாவில் முதற்பொருளுக்கு விளக்கம் வேண்டுவதில்லை. மருத்துவத்தில் வழங்கும் கதிர் இரண்டாம் பொருளின் வழிவந்தது. அக்கதிரால் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தீர்க்கும் முறை ஒன்றையும், அதற்குத் துணைநிற்கும் படக்கருவியைச் சோதிக்கும் வகையையும் இங்கு விளக்குவோம்.

'பிராக்கிதெரபி' என்பதன் முற்பகுதி, 'குறுகிய' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. குறுகிய தொலைவிலிருந்து செய்யும் மருத்துவமாதலின் அதனை 'அண்மைக்கதிர்ச் சிகிச்சை' என்கிறோம். மயக்கமருந்து அளித்தபின் கருப்பைக்குள் மெல்லிய குழல் ஒன்றை மருத்துவர் பொருத்துவார். அரிசிமணியினும் சிறிய இரிடியம்-192 கதிர்மூலம், கம்பியொன்றின் முனையில் அக்குழல்வழிச் சென்று, சில நிமிடங்கள் தங்கி, மீண்டு வரும். இம்மூலத்தின் வீரியம் ஏறத்தாழ 74 நாளில் பாதியாகக் குறையும். ஆதலால் குறித்த கால இடைவெளியில் அதனை மாற்றுவர்.

அண்மையே இம்முறையின் வலிமை, இடரும் அதுவே. கதிரின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். கதிர்மூலத்திலிருந்து 20 மில்லிமீட்டர் தொலைவில் இருக்கவேண்டிய குடற்சுவர் 18 மில்லிமீட்டருக்கு நெருங்கிவிட்டால், அது பெறும் கதிரளவு ஏறத்தாழ 23 விழுக்காடு மிகும். முன்னே சிறுநீர்ப்பையும் பின்னே மலக்குடலும் இருப்பதால், குழல் நின்ற இடத்தைப் படத்தால் அறிந்த பின்னரே கதிரளவை வகுக்க இயலும்.

1938-இல் வகுக்கப்பெற்ற மான்செஸ்டர் முறை, எக்ஸ்-கதிர்ப் படங்களில் குறித்த சில புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டது. பின்னர் முப்பரிமாணப் படங்கள் வந்தன. எனினும், படமெடுக்கும் அறை வேறிடத்தில் இருப்பின், குழல் பொருத்திய நோயாளியைக் கட்டில்மாற்றி அங்கே கொண்டுசெல்ல நேரும். அவ்வசைவில் குழல் நகரக்கூடும். நோயாளிக்கு வலியும் மிகும். சக்கரங்களின்மேல் அமைந்த வளைய வடிவ சி.டி. கருவி இக்குறையைக் களைகிறது. நோயாளி கிடந்த இடத்திலேயே கிடக்க, கருவி அவரை நாடி வருகிறது.

நகரும் கருவியாதலின் அதற்குச் சோதனையும் மிகுதி. முதலில், அளவறிந்த குறிகள் பதித்த போலியுடல் ஒன்றைப் படமெடுத்து, படத்தில் காணும் தொலைவையும் உண்மைத் தொலைவையும் மருத்துவ இயற்பியலர் ஒப்பிடுவார். அடுத்து, குழலின் உலோகப் பகுதிகள் படத்தில் கீற்றுகளை எழுப்பிக் குழல்முனையை மறைக்கின்றனவா என ஆராய்வார். மூன்றாவதாக, கருவியை அப்பால் தள்ளி, மீண்டும் கொணர்ந்து, அதே அளவுகள் வருகின்றனவா எனப் பார்ப்பார். நிலையான கருவிக்கு இச்சோதனை வேண்டுவதில்லை. வளையம் கட்டிலையோ மயக்கமருந்துக் குழாய்களையோ தொடாமல் செல்கிறதா, படமெடுப்பதால் சேரும் கதிரளவு எவ்வளவு என்பனவும் நோக்கப்படும். இறுதியில், படம் முதல் கதிரளிப்பு வரை அனைத்தையும் போலியுடலில் ஒருமுறை செய்து முடித்த பின்னரே நோயாளிக்குப் பயன்படுத்துவர்.

இனி, மொழிக்குரிய பொறுப்பு ஒன்றுண்டு. தமிழகத்தில் கதிர்ச் சிகிச்சையைக் 'கரண்ட் வைப்பது' என மக்கள் வழங்குவர். அச்சொல் மின்னதிர்ச்சியை நினைவூட்டி அச்சத்தை விளைக்கும். சிகிச்சைக்காகக் கெடாவின் தோட்டத்துப் பெண் ஒருவர் பினாங்குக்குச் செல்லும்போது, மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ கூறுவதைத் தமிழாக்கும் கடமை பெரும்பாலும் பிள்ளைகளைச் சேர்கிறது. கருப்பைவாய் என்னும் சொல்லைத் தாயிடம் உரைக்கக் கூசும் பிள்ளை பாதியை விழுங்கிவிடுகிறது. விழுங்கப்பட்ட பாதியில்தான் தாய் அறியவேண்டிய செய்தி இருக்கும். அச்சத்தால் சிகிச்சையை இடைநிறுத்தினால் நோய் மீளக்கூடும்.

ஆகவே மாணவர் இவ்வாறு சொல்லப் பழகலாம்: "அம்மா, நோய் உள்ள இடத்துக்குப் பக்கத்திலேயே கதிர்மூலத்தைச் சிறிது நேரம் வைத்து எடுத்துவிடுவார்கள். மின்சாரம் பாய்ச்சுவதில்லை. வீடு திரும்பியபின் உடம்பில் கதிர் தங்கியிருக்காது." மூலத்தை வெளியே எடுக்கும் இம்முறைக்கு இம்மூன்று செய்திகளும் பொருந்தும்.

ஆசிரியர்க்கும் பங்குண்டு. மலேசியப் பள்ளிகளில் 13 வயது மாணவியர்க்கு எச்.பி.வி. தடுப்பூசி 2010 முதல் வழங்கப்பட்டு வருகிறது. ஒப்புதற்படிவம் வீட்டுக்குச் செல்லும் நாளில், 'கருப்பைவாய்ப் புற்றுநோய்' என்னும் தொடரை வகுப்பில் தெளிவாக ஒலித்து, பொருள் உரைத்து அனுப்புதல் நன்று.