பழைய கார் பாஸ் ஆகுமா?

பிரிட்டனில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஆண்டில் ஒரு நாள் வயிற்றைக் கலக்கும். வண்டியை எம்.ஓ.டி. சோதனைக்கு விடும் நாள் அது. நம் ஊரில் லாரிக்கும் டாக்சிக்கும் எஃப்.சி. காட்டுகிறோமே, அங்கே வீட்டுக் காரையும் அப்படிக் காட்ட வேண்டும். புதுக் கார் என்றால் முதல் 3 ஆண்டுகள் விட்டுவிடுவார்கள், அப்புறம் வருடம் தவறக் கூடாது. வட அயர்லாந்தில் மட்டும் அது 4 ஆண்டு. 1960இல், எர்னஸ்ட் மார்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது, இந்தச் சோதனை வந்தது. அப்போது 10 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்குத்தான் இது. பார்த்ததும் பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் இவ்வளவுதான். தேறாமல் திரும்பிய வண்டிகள் ஏராளம். அடுத்த ஆண்டே வரம்பை 7 ஆண்டாகவும், 1967இல் 3 ஆண்டாகவும் இறக்கினார்கள்.

சோதனைக் கூடத்துக்குள் நாமும் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். சக்கரங்களை உருளைகளின் மேல் ஓடவிட்டு பிரேக்கின் பிடி அளக்கிறார்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை ஆட்டிப் பார்க்கிறார்கள். டயர்ப் பள்ளம் 1.6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். விளக்கு, ஹாரன், வைப்பர், சீட் பெல்ட், சைலன்சர் வழி வரும் புகை என்று வரிசையாகப் போகிறது. ஒன்றைக் கவனியுங்கள்: சோதிப்பவர் எதையும் கழற்றிப் பார்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரிவதும் கைக்கு எட்டுவதும்தான் கணக்கு.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். “எம்.ஓ.டி. பாஸ், அப்படியானால் நல்ல வண்டி” என்று நினைத்துக்கொள்கிறோம். எஞ்சின் எத்தனை நாள் தாங்கும், கிளட்ச் தேய்ந்துவிட்டதா, கியர் பாக்ஸ் முனகுகிறதா என்பதெல்லாம் இந்தச் சோதனையில் கேள்வியே இல்லை. இன்று காலை பாஸ் ஆன வண்டியின் கிளட்ச் மாலையில் கைவிடலாம். சோதனையில் தவறு எதுவும் நடந்ததாக ஆகாது. சான்றிதழ் ஓராண்டுக்கு என்று தேதி போட்டிருப்பதால் ஓராண்டு உத்தரவாதம் போலத் தோன்றுகிறது. அன்றைக்கு, அந்த நேரத்தில், குறைந்தபட்சப் பாதுகாப்பு இருந்தது என்பதற்கு மேல் அந்தக் காகிதம் எதுவும் சொல்லவில்லை. கையில் செல்லுபடியாகும் சான்றிதழை வைத்துக்கொண்டே, ஆபத்தான நிலையில் வண்டி ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம் உண்டு.

இதே குழப்பம் மறுபக்கத்திலும் இருக்கிறது. ஃபெயில் என்றால் வண்டி காலாவதி என்று எடுத்துக்கொள்கிறோம். முதல் தடவையில் தேறாத கார்கள் ஏறக்குறைய பத்தில் மூன்று. அவற்றைத் தடுத்து நிறுத்தும் காரணங்களில் முதலிடம் விளக்குகளுக்கு! சஸ்பென்ஷன், பிரேக், டயர் எல்லாம் அதற்குப் பின்னால்தான். பிரேக் விளக்கில் ஒரு பல்பு எரியவில்லை என்றால் தேறாது. ஒரு மணி நேரத்துக்குள் அங்கேயே பல்பை மாற்றிவிட்டால் பாஸ் சான்றிதழ் கிடைத்துவிடும்; ஆனால் முதலில் தவறியதும் புள்ளிவிவரத்தில் ஏறிவிடும். ஆக, தோல்விக் கணக்கில் ஒரு பங்கு காரின் வயதைப் பற்றியதே அல்ல, உரிமையாளரின் சோம்பலைப் பற்றியது. முந்தின நாள் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி, பின்னால் போய் நின்று பார்த்தால் போதும்.

வயது நிஜமாகவே கொண்டுவருவது துரு. குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பு தூவுவார்கள். அது அடித்தகட்டை மெல்ல மெல்லத் தின்கிறது. சீட் பெல்ட்டோ சஸ்பென்ஷனோ உடலோடு பிணையும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு பலமிழந்திருந்தால் ஃபெயில். வெட்டி எடுத்து வெல்டிங் வைக்கும் செலவு வண்டியின் விலையையே தாண்டும்போது, உரிமையாளர் அதை உடைக்கக் கொடுத்துவிடுகிறார். பல பழைய கார்களின் கதை எஞ்சினால் முடிவதில்லை, இப்படித்தான் முடிகிறது.

வயது ஏற ஏறத் தோல்வி கூடுவது உண்மை. அது அப்படியே ஏறிக்கொண்டு போகும் என்றுதானே நினைப்போம்? மிகப் பழைய கார்களிடம் வரும்போது அது இறங்குகிறது. ஊரில் தொண்ணூறைத் தாண்டியும் கைத்தடியில்லாமல் நடக்கிற தாத்தாவைப் பார்த்து, முதுமை உடம்புக்கு நல்லது என்று யாரும் சொல்ல மாட்டோம். தாங்காதவர்கள் முன்பே போய்ச் சேர்ந்தார்கள். கார்களும் அப்படியே. மிஞ்சியவை கொட்டகையில் வைத்துத் துடைத்துத் துடைத்துக் காப்பாற்றப்படுபவை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருபவை. 1960க்கு முந்தைய வண்டிகளுக்கு 2012இல் சோதனையிலிருந்து விலக்கு அளித்தபோது, அவை அரிதாகவே தவறுகின்றன என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2018 முதல், பெரிய மாற்றம் ஏதும் செய்யப்படாத 40 வயது தாண்டிய கார்களுக்கும் விலக்கு உண்டு.

அப்படியானால் ஒரு குறிப்பிட்ட பழைய கார் தேறுமா என்பதை எப்படி ஊகிப்பது? பிரிட்டனில் வண்டி எண்ணைத் தந்தால் அரசின் இணையதளமே பழைய முடிவுகளை எடுத்துக் காட்டும். 2005இல் கணினிக்கு மாறியதிலிருந்து பதிவுகள் இருக்கின்றன. பாஸ், ஃபெயில் என்ற சொற்களை விட்டுவிட்டு அவற்றின் அடியில் இருக்கும் ‘கவனிக்கவும்’ வகைக் குறிப்புகளைப் படிப்பதே நல்லது. சோதிப்பவர் பாஸ் போட்டுவிட்டு, “பிரேக் குழாயில் லேசான துரு” என்று ஒரு வரி எழுதியிருப்பார். அடுத்த ஆண்டும் அதே வரி, அதற்கடுத்த ஆண்டும் அதே வரி என்றால், உரிமையாளர் அதைத் தொடவேயில்லை என்று அர்த்தம். ஓராண்டு வந்து மறு ஆண்டு மறைந்திருந்தால் யாரோ காசு செலவழித்திருக்கிறார். ஓடிய தூரமும் ஆண்டுவாரியாக அங்கேயே பதிவாகியிருக்கும். நடுவில் அது குறைந்திருந்தால், விற்பவரிடம் விலை பேசுவதற்கு முன் அதைத்தான் கேட்க வேண்டும்.