பேதிக் கரைசலைப் பிரித்துக் குடியுங்கள்

பெருங்குடலை உள்ளே பார்க்கும் கொலனோஸ்கோபி பரிசோதனைக்கு முன் தரப்படும் பேதிக் கரைசலை முந்தைய மாலையே மொத்தமாகக் குடித்து முடித்துவிடத்தான் பலர் விரும்புகிறார்கள். அப்படிச் செய்தால், இரவில் சிறுகுடலிலிருந்து வடியும் பித்தநீரும் சளியும் பெருங்குடலின் வலப்பக்கச் சுவரில் படியும். அங்குள்ள தட்டையான பாலிப்புகள் (சதை வளர்ச்சிகள்) மருத்துவரின் கண்ணுக்குத் தப்பிவிடலாம். பாதியை மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடித்தால் குடல் நன்கு சுத்தமாகிறது என ஆய்வுகள் காட்டியதால்தான், 2014இல் அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவச் சங்கங்களின் கூட்டுக்குழு இம்முறையைப் பரிந்துரைத்தது. விடியுமுன் எழுவது சிரமம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் குடல் சுத்தமாகாவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க நேரும். மயக்க மருந்தின்போது புரையேறுமோ என்ற அச்சமும் நியாயமானதே. அதனால்தான் பொதுவாகப் பரிசோதனைக்கு 2 மணி நேரம் முன்பே குடித்து முடிக்கச் சொல்கிறார்கள்.

எந்தக் கரைசல் என்பது இன்னும் முக்கியம். பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல் உடலின் நீரையும் உப்பையும் பெரிதாகக் குலைப்பதில்லை. சோடியம் பாஸ்பேட்டோ சிலருக்குச் சிறுநீரகத்தையே பாதித்தது. இதுகுறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இல் எச்சரித்தது. ஆகவே சிறுநீரக, இதய நோயாளிகள் மருந்துக்கடையில் தாமாக எதையும் வாங்கக் கூடாது. இன்சுலினோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ எடுப்பவர்கள் அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டாலோ தலைசுற்றினாலோ குடிப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனையை அழையுங்கள்.