குதிரைப் பயிற்சியில் இட, முறை மாற்றம்

குதிரையை ஒரே திடலில் ஒரே வரிசைப்படி பழக்காமல், சவாரி செய்யும் இடத்தையும் முறையையும் அவ்வப்போது மாற்றிப் பழக்குவது குதிரையேற்றத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட வழிமுறை ஆகும். குதிரையின் ஆர்வம் குன்றாதிருக்கவும், அதே தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் தொடர்ந்து சுமை ஏறாதிருக்கவும் இது உதவுகிறது.

வரலாறு

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏதென்சு நகரத்துப் படைவீரரும் எழுத்தாளருமான செனபோன், குதிரையேற்றம் பற்றிய தமது நூலில் இதனைக் குறிப்பிடுகிறார். பயிற்சியை வெவ்வேறு இடங்களில், சில வேளை நீட்டியும் சில வேளை சுருக்கியும் நடத்த வேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வாறு செய்தால் குதிரைக்குப் பயிற்சியின்மீது வெறுப்பு குறையும் என்கிறார். அவர் மனத்திற் கொண்டிருந்தது போர்க்குதிரை என்பது கருதத்தக்கது.

திடலும் குதிரையின் நினைவும்

டிரெசாஜ் எனப்படும் நுண்நடைப் போட்டிக்கான திடல் 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் ஓரங்களில் எழுத்துகள் குறிக்கப்பட்டிருக்கும். எந்த எழுத்தருகே நடையை மாற்ற வேண்டும் என்பது முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். குதிரைக்கு இட நினைவு மிகுதி. நாள்தோறும் ஒரே எழுத்தருகே ஓட்டத்திற்கு மாற்றப்படும் குதிரை, விரைவிலேயே சவாரியாளர் காலால் சைகை தருமுன்னரே மாறிவிடும். பார்ப்பவருக்கு இது கீழ்ப்படிதலாகத் தோன்றலாம். உண்மையில் அது சவாரியாளரை விட்டுவிட்டு இடத்தைக் கவனிக்கிறது. நாளடைவில் சைகைக்கு மந்தமாக இயங்குதல், திடலின் வாயிலில் தயங்கி நிற்றல், காதுகளைப் பின்னோக்கி மடித்தல், வாலை வீசுதல் ஆகியவை தோன்றக்கூடும்.

எனினும் இவை அனைத்தையும் சலிப்பு என்று கொள்ளலாகாது. பொருந்தாத சேணம், பற்கோளாறு, முதுகுவலி, இரைப்பைப் புண் ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரும். வலியுள்ள குதிரையைச் சோம்பேறி என்று எண்ணி மேட்டில் ஏற்றினால் கேடு பெருகும். ஆகவே முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

வழிமுறைகள்

கடிவாள வாரைத் தளர்த்தி வயல்வெளியிலும் காட்டுப்பாதையிலும் நடத்திச் செல்வது எளிய மாற்றமாகும். மேடேறும்போது பின்னங்கால் தசைகள் வலுப்பெறும். தரையில் கிடத்திய கழிகளைத் தாண்டி நடக்கும் குதிரை, தன் காலடியைத் தானே கவனிக்கக் கற்கும். துள்ளுநடைக்குக் கழிகளை ஏறத்தாழ 1.3 மீட்டர் இடைவெளியில் வைப்பர். குதிரையின் உயரத்திற்கேற்ப இது மாறும். வெளியே செல்ல வழியில்லாதவர் திடலிலேயே திசையையும் வரிசையையும் மாற்றலாம். குதிரை நன்றாகச் செய்தவுடன் அன்றைய பயிற்சியை முடித்துவிடுவதும் ஒரு மாற்றமே. அதனைக் குதிரை வெகுமதியாகவே கொள்ளும்.

மென்மணலில் மட்டுமே பழகிய குதிரையைக் கடினத் தரைக்குச் சிறிது சிறிதாகவே கொண்டுசெல்ல வேண்டும். இல்லையேல் தசைநாண்கள் பாதிப்புறலாம். புது இடத்தில் மிரளும் குதிரையை, அமைதியான மூத்த குதிரை ஒன்றுடன் அனுப்புவது வழக்கம். இளங்குதிரைக்கு நாள்தோறும் புதுமை காட்டுவதும் தகாது. ஒன்றைக் கற்க அதற்கு ஓரளவு மீள்பயிற்சி தேவை.

எடுத்துக்காட்டு

இங்கிலாந்துப் பயிற்சியாளர் கார்ல் எஸ்டர் தமது போட்டிக் குதிரைகளைத் திடலில் மட்டும் வைத்திராமல், வாரந்தோறும் வெளிச் சவாரிக்கு அனுப்புவதோடு புல்வெளியிலும் மேயவிடுபவர். அவருடைய தொழுவத்தில் பழகிய வலேக்ரோ என்னும் குதிரை, சார்லட் டுசார்டின் சவாரியில் 2012 இலண்டன், 2016 ரியோ ஒலிம்பிக் போட்டிகளில் தனிநபர் தங்கப் பதக்கங்களை வென்றது.