செத்தவர்களிடம் வழி கேட்கும் விளையாட்டு

‘பாத்வேஸ் இன்டு டார்க்னஸ்’, சிகாகோவின் பஞ்சி நிறுவனம் 1993 ஆகஸ்டில் ஆப்பிள் மேக்கின்டாஷ் கணினிக்கு வெளியிட்ட வீடியோ கேம். விளையாடுபவரின் கண் வழியாகவே காட்சி விரியும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் முன்னோடிகளில் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ‘டூம்’ விளையாட்டு உலகையே கட்டிப்போட்டது. மேக் வைத்திருந்தவர்களோ குறைவு. இதன் புகழும் அவர்களோடு நின்றுவிட்டது.

கதை காமிக்ஸ் ரகம்தான். மெக்சிகோவின் யுகடான் பகுதியில், ஒரு பிரமிடுக்கு அடியில் பழங்காலத் தெய்வம் ஒன்று உறங்குகிறது. ஐந்து நாளில் அது விழித்தால் உலகம் அழியும். அதற்குள் அணுகுண்டு வைக்க அமெரிக்கச் சிறப்புப் படை போகிறது. பாராசூட் கோளாறால் மயங்கி விழுந்த ஒரு வீரர் மட்டும் பிந்திவிடுகிறார். அவர்தான் நாயகன். கையில் மிஞ்சியது ஒரு கத்தி.

உள்ளே உயிரோடு பேச ஆளில்லை. மஞ்சள் படிகம் ஒன்று கிடைத்த பிறகு பிணங்கள் பேசுகின்றன. முந்திப்போய் மாண்ட சக வீரர்கள், பல பத்தாண்டுகளுக்கு முன் வந்த நாஜி ஜெர்மானியர்கள் என எல்லோரிடமும் விசாரிக்கலாம். கேள்வியை ஒற்றைச் சொல்லாகத் தட்டச்சு செய்ய வேண்டும்: பெயர், சாவு என்று. பதிலில் வரும் ஓர் ஆளின் பெயரோ பொருளின் பெயரோ அடுத்த பிணத்திடம் கேட்கும் கேள்வியாகும். சொல்லைக் கவனிக்காதவருக்குப் புதிர் அவிழாது.

இதைவிடக் கெட்டிக்காரத்தனம் கடிகாரத்தில் இருக்கிறது. காயம் ஆற ஓய்வெடுக்கலாம். ஆனால் ஓய்வு மணிகளைத் தின்னும். தோட்டாவும் தாராளமில்லை. ஆகவே ஒவ்வொரு சண்டைக்கும் கணக்குப் பார்த்தே இறங்க வேண்டும். முடிவுகூட ஒன்றல்ல. குண்டு எந்த நேரத்துக்கு வைக்கப்பட்டது, ஹெலிகாப்டரை அழைக்கும் கருவி கையில் இருந்ததா என்பதைப் பொறுத்து நாயகன் தப்புவான் அல்லது குண்டோடு போவான்.

நிரல் எழுதியவர் ஜேசன் ஜோன்ஸ். ‘மினோட்டார்’ என்ற தங்கள் முந்தைய விளையாட்டை முப்பரிமாணத்தில் தொடரக் கிளம்பியதுதான் இப்படி முடிந்தது. இதில் வரும் ஜாரோ என்ற வேற்றுக்கிரக இனம் 1994-இன் ‘மாரத்தான்’ வரிசையிலும் எட்டிப்பார்க்கிறது. 2001-இல் ‘ஹேலோ’ விளையாட்டு பஞ்சியை உலகறியச் செய்தது. ‘பாத்வேஸ்’ 2013-இல் புதிய மேக்குகளில் ஓடும்படி மாற்றப்பட்டது. விண்டோஸுக்கு அதிகாரபூர்வமாக வரவேயில்லை.